கோழி மேலே, வாத்து கீழே

அந்தக் குட்டியானை வண்டி எங்கள் தெருவுக்குள் திரும்பும் முன்பே சத்தம் வந்துவிட்டது. இன்ஜின் சத்தம் அல்ல. ஒரு பக்கம் வாத்து, ஒரு பக்கம் வான்கோழி, இரண்டுக்கும் நடுவில் துருப்பிடித்த கேட்டை யாரோ விடாமல் திறந்து மூடுவது போலக் கின்னிக்கோழி. பாரிவாக்கத்தில் எங்கள் தெரு பாதி பழைய குடித்தனம், பாதி புது அடுக்குமாடி. பழைய ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். அடுக்குமாடிக்காரர்கள் பால்கனிக்கு வந்து போனில் படம் எடுத்தார்கள்.

டிரைவருக்குப் பக்கத்தில் என் நாத்தனார் கமலா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெட்டை வான்கோழி. அது மிரளாமல் இருக்க முந்தானையால் அதன் தலையை மூடியிருந்தாள். வண்டியின் பின்னால் நாலு மூங்கில் கூடை, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மிக்ஸி. அவ்வளவுதான் அவளுடைய வீடு.

இறங்கியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை இது.

"அண்ணி, மொதல்ல இதுங்களுக்குத் தண்ணி வெய்யி. எனக்கு அப்பறமா குடு."

இந்தத் தொடரில் கமலா இதுவரை இரண்டு மூன்று இடத்தில் தலையைக் காட்டியிருக்கிறாள். ஓரமாக வந்து ஓரமாகப் போயிருப்பாள். நிஜத்திலும் முப்பது வருஷத்துக்கு மேல் எனக்கும் அவளுக்கும் அவ்வளவுதான் பழக்கம். கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி. "சாப்ட்டியா", "சாப்ட்டேன் அண்ணி". இந்த வாரம் அவளை நடுவில் கொண்டுவந்து உட்கார வைக்கிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் அம்பத்தூர் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இவர், அதாவது எங்கள் வீட்டுக்காரர், பாடியில் ஒரு தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு நாட்டுக்கோழி ஏழெட்டு உண்டு. இவருடைய ஒரே தங்கைதான் கமலா.

அவள் திருமழிசையில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தாள். வீடு சின்னது, தோட்டம் பெரியது. கணவர் தவறிய பிறகு அந்தத் தோட்டத்தில் இந்தப் பறவைகளை வளர்த்து முட்டை விற்று, யார் கையையும் எதிர்பார்க்காமல் இருந்தாள். வீட்டின் சொந்தக்காரர் இடத்தை அடுக்குமாடி கட்டக் கொடுத்துவிட்டார். மகன் பிரபு ஆவடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறான். தங்கமான பையன், மருமகளும் நல்ல பெண். ஆனால் மூன்றாவது மாடியில் வாத்து வளர்க்க முடியாது. முன்பு ஒரு முறை அங்கே போய்ச் சில வாரம் இருந்தபோது, கமலா லிப்டில் ஏறுவதும் இறங்குவதுமாகப் பொழுதைப் போக்கி, கடைசியில் வாட்ச்மேனுக்குத் துணையாகக் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாளாம்.

எங்கள் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டது நான்தான். இவர் கூப்பிட்டிருந்தால் அண்ணன் கடமைக்குக் கூப்பிடுகிறான் என்று மறுத்திருப்பாள். நான் கூப்பிட்டதால் யோசித்தாள். யோசித்து, கணக்காக ஒரு நிபந்தனை போட்டாள்.

"இதுங்க உங்க கோழிங்களோட ஒத்துப்போச்சுன்னா நானும் கீறேன் அண்ணி. இல்லன்னா தீபாவளிக்குப் பையன் வருவான். இதுங்களச் சந்தைல வித்துட்டு அவனோட போயிடறேன்."

பறவைகளை இறக்கி முடித்ததும் நாலு கூடைகளையும் தட்டி, கொட்டகைக்கு வெளியே இருந்த கொக்கிகளில் மாட்டினாள். திரும்பிப் போகும்போது தேவைப்படுமாம். வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

பாடி பாணிக் கொட்டகை

அவள் வருவதற்கு முன்பே இவர் புதுக் கொட்டகை கட்டியிருந்தார். சாதாரணக் கொட்டகை அல்ல. ஆங்கிள் இரும்பில் சட்டம், நாலு பக்கமும் வெல்டு மெஷ் கம்பி வலை, மேலே தகரம். உள்ளே தடுப்பு வைத்து நாலு அறை. ஒவ்வொரு அறையின் நெற்றியிலும் மஞ்சள் பெயிண்டில் 1, 2, 3, 4. ஒன்று கோழிக்கு, இரண்டு வாத்துக்கு, மூன்று வான்கோழிக்கு, நாலு கின்னிக்கு. குடிக்கத் தண்ணீருக்கு நீளமாகக் குழாய் ஓட்டி, அங்கங்கே சொட்டு முனை வைத்திருந்தார். அலகால் தட்டினால் ஒரு சொட்டு விழும். ஒரு துளி வீணாகாது.

ஆயுசு முழுக்க ஷிப்ட் பார்த்த மனுஷர். இன்னார் இன்ன இடத்தில் நின்றால் சண்டை வராது என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. வரிசையில் நிறுத்துவதுதானே என் பிழைப்பும்.

பகலில் எல்லாம் தோட்டத்தில் மேயும், சாயங்காலம் அதனதன் அறைக்குப் போகும், நாம் கதவைச் சாத்த வேண்டியது என்பது ஏற்பாடு. முதல் சாயங்காலம் எங்கள் கோழிகள் இரண்டாம் நம்பருக்குள் போய்க் குறுக்குக் கம்பியில் ஏறிக்கொண்டன. வாத்துகளும் அதே இரண்டாம் நம்பருக்குள் போய்க் கம்பிக்கு நேர் கீழே படுத்தன. வான்கோழிச் சேவல் ஒன்றாம் நம்பர் வாசலில் நின்றுகொண்டு வருகிறவர்களையெல்லாம் கொத்தி விரட்டியது, தானும் உள்ளே போகவில்லை. கின்னிக்கோழி மூன்றும் கொட்டகையைச் சட்டை செய்யாமல் முருங்கை மரத்தில் ஏறிவிட்டன.

கோழி உயரத்தில் உட்கார்ந்துதான் தூங்கும். வாத்து தரையில்தான் தூங்கும். மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைப் பற்றி யோசிப்பதில்லை. விடிந்ததும் பார்த்தால், வெள்ளை வெளேரென்று வந்த வாத்துகளின் முதுகெல்லாம் கோழி எச்சம்.

அதைவிடப் பெரிய தப்பு அந்தச் சொட்டுக் குழாய். சில நாளில் வாத்துகளின் கண் ஓரத்தில் பொருக்குத் தட்டியது. மூக்கு அடைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூச்சு விட்டன. வாத்துக்குத் தலையை முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும், அப்போதுதான் கண்ணும் மூக்கும் சுத்தமாகும் என்று கமலா தயங்கித் தயங்கி அண்ணனிடம் சொன்னாள். சரி என்று ஒரு பழைய துணி ஊறவைக்கும் தொட்டியைக் கொட்டகைக்குள் வைத்தோம். மத்தியானத்துக்குள் உள்ளே போட்டிருந்த உமி முழுக்கக் கூழாகிவிட்டது. வாத்துகளுக்குக் கொண்டாட்டம். எங்கள் கோழிகள் ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்தன.

இரண்டு கோழிக்குச் சளி பிடித்தது. பூந்தமல்லி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். தரை ஈரமாக இருந்தால் எந்தப் பறவையும் தாங்காது, கோழியோடு வான்கோழி வைத்திருந்தால் குடற்புழு மருந்தைத் தவறவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர். வரும் வழியெல்லாம் கமலா கூடைக்குள் கையை விட்டு அந்த இரண்டையும் தடவிக்கொண்டே வந்தாள்.

பால்கனியில் ஒரு விருந்தாளி

என் பங்குக்கு நானும் ஒன்று செய்தேன். எங்கள் கோழிகளுக்கு நான் விசில் ஊதித்தான் தீனி போடுவேன். மைதானத்தில் ஊதிய அதே விசில். ஊதினால் மூலைக்கு மூலை இருந்து ஓடிவந்து நிற்கும். அதில் முன்னால் நிற்கும் செம்பட்டைக் கோழிக்குக் கேப்டன் என்றே பெயர்.

புது ஆட்களும் பழகட்டும் என்று ஒரு காலையில் பலமாக ஊதினேன். கேப்டன் வந்தது. வாத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து எதிர்த் திசையில் ஓடின. கின்னிக்கோழிகள் மூன்றும் அலறிக்கொண்டு எழும்பி, பக்கத்து அடுக்குமாடிக்குப் பறந்தன.

அங்கே இரண்டாவது மாடியில் நிவேதா இருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்ப்பாள். கொஞ்ச நேரத்தில் போன் செய்தாள்.

"டீச்சர், உங்க கோழி ஒண்ணு எங்க மீட்டிங்ல வந்து உக்காந்திருக்குதுங்க. எங்க மேனேஜர் அது என்ன பறவைன்னு கேக்கறாருங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்துக்கொண்டுதான் பேசினாள். ஆனால் கமலா சிரிக்கவில்லை. மாடிக்குப் போய் மூன்றையும் பிடித்து வந்தாள். நிவேதாவிடம் அவள் மன்னிப்புக் கேட்ட கேட்பில், அந்தப் பெண் பயந்துபோய் எனக்கு மறுபடி போன் செய்து, அந்த அக்கா ஏன் இப்படி வருத்தப்படறாங்க என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் கமலா கொக்கியிலிருந்து நாலு கூடைகளையும் இறக்கித் தேய்த்துக் கழுவினாள். வரிசையாகக் காம்பவுண்டுச் சுவர் மேல் கவிழ்த்துக் காய வைத்தாள். தீபாவளிக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் அவள் மனசு அதற்குள் ஆவடிக்குக் கிளம்பிவிட்டது என்று தெரிந்தது.

குழாயடியில் ஒரு பெண்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் கல்யாணமாகி வந்தபோது இவர்கள் குடும்பம் பாடியில் ஒரு லைன் வீட்டில் இருந்தது. எல்லாக் குடித்தனத்துக்கும் ஒரே குழாய். தினமும் குடத்துச் சண்டை. வேலைக்குச் சேர்ந்த புதிது, உலகத்தையே ஒழுங்குபடுத்திவிடலாம் என்ற வயசு எனக்கு. ஒரு காலையில் விசிலோடு குழாயடிக்குப் போய், யார் முன்னால் யார் பின்னால் என்று வரிசை போட்டுவிட்டேன். அதிசயமாக எல்லாரும் கேட்டார்கள்.

கமலா அப்போது இரட்டைப் பின்னல் போட்ட பெண். அவளுக்கு மூன்றாவது இடம் கொடுத்தேன். வாய் திறக்காமல் நின்று, நிரப்பி, எடுத்துக்கொண்டு போனாள். அதற்கு முன்பெல்லாம் அவள் விடியும் முன்பே எழுந்து, யாரும் வராத நேரத்தில் தனியாகத் தண்ணீர் பிடித்து, குழாயடிக் கல்லில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாளாம். அந்தக் கூட்டுக் குடித்தனத்தில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். அதை இவர் எனக்குச் சொன்னது ரொம்ப வருஷம் கழித்து, பேச்சோடு பேச்சாக.

நானும் அவளும் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. சண்டை போட்டவர்களுக்குச் சமாதானம் ஆகவாவது ஒரு காரணம் இருக்கும்.

இன்னொன்றும் இந்தக் கொட்டகைச் சண்டை நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தது. கோ-கோ ஆட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே வரிசையில் குந்தியிருப்பார்கள். ஆனால் ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால் அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து உட்காருவாள். எல்லாரையும் ஒரே பக்கம் பார்க்க வைத்தால் ஆட்டமே கிடையாது. வருஷக்கணக்கில் இதைச் சொல்லிக்கொடுத்த நானே, வீட்டில் எல்லாரையும் ஒரே பக்கம் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிரைண்டர் போட்ட நாள்

கூடைகளைக் கழுவிய மறுநாள், கமலா பறவைகளை மேய வெளியே விடாமல், காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு முக்காலியைப் போட்டுக் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்தாள். எதையும் தொடவில்லை, விரட்டவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. பிறகு எழுந்து அண்ணனிடம் போனாள்.

"தடுப்பு வேணாம்ணா. எல்லாம் ஒண்ணாக் கெடக்கட்டும். ஆனா ஒதுங்கறதுக்கு எடம் வோணும். ஒண்ணுக்கு ஒண்ணு ஆவலன்னா கண்ணுல படாம போயி நிக்கணும். இதுல ஓடினா மூலை, திரும்பினா மூலை. அதான் கொத்துதுங்க."

இவர் அந்த மஞ்சள் நம்பர்களைப் பார்த்தார். எண்களை வெட்டிய அட்டையை வைத்து, பிசிறில்லாமல் எழுதியவை. உள்ளே போய் இரும்பு அறுக்கும் கிரைண்டரைக் கொண்டுவந்து பிளக்கில் செருகினார். பொறி பறக்க மூன்று தடுப்பையும் அறுத்துத் தள்ளினார். வெளியே விட்ட பறவைகள் எல்லாம் வேலியோரம் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தன. அப்போதுதான் முதல் முறையாக அவை அனைத்தும் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் வேலை தன்னால் நடந்தது. ஒரு பக்க வலையோரம் மட்டும் படிப்படியாகக் கம்பி. கோழிகள் அங்கே. எதிர்ப் பக்கம் தரையில் வைக்கோல் போட்டு, மேலே சரிவாக ஒரு பலகை. எச்சம் விழுந்தாலும் பலகையில் விழுந்து வழிந்துவிடும், வாத்துகள் அதன் கீழே. நடுவில் எங்கள் வீட்டுப் பழைய குளியலறைக் கதவைச் சாய்த்து வைத்தோம், ஒளிய விரும்புகிறவர்களுக்காக. தீனித் தட்டு இரண்டு இடத்தில். ஒன்றை வான்கோழிச் சேவல் தன்னுடையது என்று நினைத்துக்கொள்ளட்டும், மற்றவை இன்னொன்றில் தின்னட்டும். தண்ணீர்த் தொட்டி கொட்டகைக்கு வெளியே, கம்பி வலை போட்ட மேடை மேல். சிந்துகிற தண்ணீர் கால்வாய் வழியாக வாழைக்குப் போனது. உள்ளே தரை காய்ந்தது. கோழிச் சளி விட்டது.

விசிலை அலமாரிக்குள் வைத்தேன். தட்டைத் தட்டினால் போதுமாக இருந்தது. வருகிறவை வரும், மற்றவை பசித்தபோது வரும்.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. கமலா வந்த நாளிலிருந்து காலை ஆறுக்குக் காபி, எட்டுக்கு டிபன், சாயங்காலம் இரண்டு பேரும் நடை என்று அவளுக்கும் நான் நம்பர் போட்டு வைத்திருந்தேன். சமையலறையில் அவளை ஒரு துரும்பைக்கூட எடுக்க விடவில்லை. உபசாரம் என்று நினைத்தேன். அவளுக்கு அதில் ஒதுங்க இடமே இல்லை.

ஹாலை ஒட்டிய அறையிலிருந்து அவள் சாமானைத் தோட்டத்துப் பக்கம் இருக்கும் அறைக்கு மாற்றினேன். அதற்குத் தனி வாசல் உண்டு. ஒரு ஒற்றை அடுப்பும் வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவள் தன் அடுப்பில் தனக்குப் பிடித்த மாதிரி காரம் தூக்கலாகக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டேன். மிளகாய்தான் காரணம், வேறொன்றும் இல்லை என்று இவரிடம் சொன்னேன்.

மரத்தில் மூவர்

எல்லாம் அடங்கியும் கின்னிக்கோழிகள் மட்டும் அடங்கவில்லை. சாயங்காலம் ஆனால் முருங்கை மரம். முருங்கைக் கிளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கொஞ்சம் காற்றடித்தால் முறிந்துவிடும். மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. ராத்திரி முழுக்க நனைந்தால் செத்துப்போகும் என்று கமலா கவலைப்பட்டாள். கம்பு தூவிப் பார்த்தோம். போர்வையால் வளைத்துப் பார்த்தோம். கொட்டகை வாசல் வரை வரும். உள்ளே எட்டிப் பார்க்கும். திரும்பிவிடும்.

மூன்றில் ஒன்று போனாலும் அவள் ஒத்துப்போகவில்லை என்றே கணக்கு வைப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் நிபந்தனையில் பாதிக்கு மதிப்பெண் கிடையாது.

ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. தகரத்தில் ஒரு போல்ட் லூசாகி ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் முடுக்கிவிடுகிறேன் என்று இவர் ஒரு பல்பை ஒயரில் கட்டி உள்ளே தொங்கவிட்டு, ஸ்டூலில் ஏறினார். நானும் கமலாவும் மரத்தடியில் நின்று அந்த மூன்றையும் கெஞ்சிக்கொண்டிருந்தோம்.

கின்னிக்கோழிகள் கழுத்தை நீட்டி அந்த வெளிச்சத்தைப் பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. எங்களைத் தாண்டி, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போவது போல வரிசையாக நடந்து கொட்டகைக்குள் போயின. உள்ளே பறந்து, இவர் தலைக்குப் பக்கத்துக் கம்பியில் மூன்றும் உட்கார்ந்துகொண்டன. இத்தனை நாள் அவை கொட்டகையை வெறுக்கவில்லை, இருட்டுக்குள் போகத்தான் பயந்திருக்கின்றன.

இவர் ஸ்டூல் மேல், கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றார். அசைந்தால் பறந்துவிடும்.

"கமலா, மெதுவா கதவச் சாத்து."

"நீ உள்ள கீறியேண்ணா."

"நான் எங்க போவப்போறேன். மொதல்ல சாத்து."

சாத்தினாள். மழை கொட்டத் தொடங்கியது. கின்னிகள் கண் மூடும் வரை இவர் இறங்கவில்லை. கதவை ஒரு சாண் மட்டும் திறந்து நான் டம்ளரில் காபி நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு, தோளுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிக் கோழிகளோடு, பழைய தொழிற்சாலை டீ நேரம் போல நின்று குடித்தார்.

கமலா அதைப் பார்த்தாள். தோட்டத்துப் படியில், மழைச் சாரலில், அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். தோள் குலுங்க, மூச்சு முட்ட, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரித்தேன். இரண்டு பேரும் நனைந்துபோனோம். இதை எழுதும்போதும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஒரு கொக்கி காலி

இதெல்லாம் நடந்தும் அவள் வாயிலிருந்து இருக்கிறேன் என்ற சொல் வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக்காக ஏதாவது சொல்லுவாள்.

தீபாவளிக்கு முந்தின நாள் கொட்டகைப் பக்கம் போனபோது, கொக்கியில் மூன்று கூடைகள்தான் இருந்தன. ஒன்றை எடுத்துவிட்டாள். மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள் என்றே நினைத்தேன். அதிரசம் சுடும்போது இரண்டு மூன்று தீய்ந்துபோயின. இவர் அந்தத் தீய்ந்ததையும் எடுத்துத் தின்றார். அவருக்கும் கொக்கி கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து முடித்த நேரம், பிரபு காரோடு வந்துவிட்டான். கையில் இனிப்புப் பெட்டி, அம்மாவுக்குப் புதுச் சேலை. தெருவில் ஆயிரம்வாலா வெடித்துக்கொண்டிருந்தது. அம்மா எங்கே என்று கேட்டான். அறையில் இல்லை. கொட்டகையில் இருந்தாள். நாங்கள் மூன்று பேரும் அங்கே போனோம்.

ஒவ்வொரு வெடிக்கும் கின்னிகள் ஒரு குரல் கொடுத்துக்கொண்டிருந்தன. மற்றவை எல்லாம் வாத்துப் பலகைக்குக் கீழே நெருக்கியடித்து நின்றன. சாய்த்து வைத்த பழைய கதவுக்குப் பின்னால், அரையிருட்டில், கமலா குந்தியிருந்தாள். அவளுக்கு முன்னால் அந்த நாலாவது கூடை. அடியில் மணல், மேலே வைக்கோல், அதன் மேல் இறகை உப்பிக்கொண்டு எங்கள் கேப்டன்.

கேப்டன் அடைக்கு உட்கார ஆசைப்பட்டு இரண்டு நாளாகக் கொக்கரித்துக்கொண்டிருந்தது எனக்கும் தெரியும். ஆனால் கமலா அதன் வயிற்றுக்கு அடியில் கைவிட்டு ஒரு முட்டையை நகர்த்தியபோதுதான் பார்த்தேன். கோழி முட்டை இல்லை. பெரிசாக, லேசாக நீலம் பாய்ந்த வாத்து முட்டை. அவளுடைய வாத்துகள் முட்டையைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிற ரகம், அடைக்கு உட்காராது. என் கோழிக்குக் கீழே அவள் வாத்து முட்டையை வைத்திருந்தாள். அதுவும் திரும்பிப் போவதற்கென்று கழுவி வைத்த கூடையில்.



"கெளம்பலாமாம்மா?" என்றான் பிரபு.

"இது பொரிக்கட்டும்டா."

"கோழி மூணு வாரத்துல பொரிச்சிடும்ல? அப்ப வந்து இட்டுகினு போறேன்."

"வாத்து முட்டடா இது. கூட ஒரு வாரம் ஆவும்." கூடையைப் பார்த்தபடியே சொன்னாள். "அப்பறம் குஞ்சுங்க தண்ணியப் பாத்ததும் எறங்கிடும். இந்தக் கோழி கரைல நின்னுகினு கத்தும். தெரியாம வளத்துட்டமேன்னு பயந்துடும். அந்த நேரத்துல பக்கத்துல ஆளு இல்லன்னா எப்படிடா?"

பிரபு என்னைப் பார்த்தான். நான் கேப்டனைப் பார்த்தேன். அவன் சிரித்துவிட்டு, புதுச் சேலையை அங்கேயே அம்மா மடியில் வைத்தான்.

கமலா அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஒரு இரும்பு குடுண்ணா. இடி மாசம்."

அடை வைக்கும் கூடையில் இரும்பு போட்டு வைத்தால் இடிக்கு முட்டை கெடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு ஆணி போதும். இவர் உள்ளே போனார். பாடியில் கடைசி நாளன்று கூட வேலை செய்தவர்கள் துடைத்துப் பளபளவென்று கொடுத்த போல்ட் ஒன்று, நட்டோடு, பீரோவில் துணி சுற்றி வைத்திருப்பார். அரைக் கிலோ இருக்கும். என்னைக்கூடத் தொட விட மாட்டார். அதைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இவ்ளோ பெருசு இன்னாத்துக்குண்ணா?"

"இந்த வருஷம் இடி ஜாஸ்தின்னு சொல்றாங்க."

அவள் அதை வாங்கி, முட்டைகள் மேல் உருளாமல் வைக்கோலுக்குள் அழுத்தி வைத்தாள். கேப்டன் அதையும் ஒரு முட்டை என்று நினைத்து வயிற்றால் மூடிக்கொண்டது.

நான் வெளியே வந்து கொக்கியிலிருந்து மீதி மூன்று கூடைகளையும் இறக்கினேன். அவள் மனசு மாறுவதற்குள் ஒன்றில் சின்ன வெங்காயத்தைக் கொட்டினேன். ஒன்றில் துணி கிளிப்புகள். மூன்றாவதில் என்ன போடுவது என்று தெரியவில்லை, அலமாரியிலிருந்த விசிலை எடுத்துப் போட்டு அதன் மேல் தேங்காயை அடுக்கினேன்.